தினம் ஒரு கோப்பு

"ஓட்றதுக்கு முன்னாடி ஒரு சேவ்" என்று சொல்லிக்கொண்டே லிஃப்ட்காரர் ஆட்காட்டி விரலைக் காற்றில் நிறுத்திப் பிடிப்பார். லேப்டாப்புக்குள்ளிருந்து கேசட் ஓடும் கீச்சுச் சத்தம் வரும். பன்னிரண்டு விநாடி. சத்தம் நின்றதும், பதிந்தது பதிந்தபடி இருக்கிறதா என்று லேப்டாப்பையே சரிபார்க்கச் சொல்வார். இன்னொரு பன்னிரண்டு விநாடி கீச்சிடும். அதற்கப்புறம்தான் விரல் கீழே இறங்கும். "இனி எக்கேடோ கெட்டுப் போ" என்று திரையைப் பார்த்து அனுமதி கொடுப்பார். காலை ஆறு மணிக்கு அந்தச் சத்தத்தில் எப்பேர்ப்பட்ட தூக்கமும் கலைந்துவிடும். நல்லவேளை, வீட்டில் இருப்பது அவர் மனைவி ஒருத்திதான். முப்பத்தாறு வருஷமாக அவருக்கு முன்னால் எழுந்துகொள்கிறவள்.

கேசட் என்று ஒன்றும் அங்கே கிடையாது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் ஒன்றைப் போலவே நடந்துகொள்கிற மென்பொருள் அது, எமுலேட்டர் என்பார்கள். மருமகன் லீவுக்கு வந்திருந்தபோது போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கேசட்டில் ஒலியாகப் பதிந்து வைத்தது. அதனால் இதுவும் கீச்சிட்டுக்கொண்டே பதிகிறது; போய்ச் சேர்வது மட்டும் லேப்டாப்பில் ஒரு கோப்பாக. சத்தத்தை அணைத்துவிடலாம் என்று மருமகன் வழி காட்டினார். "வேணாம் மாப்ள. சத்தம் போடாம ஓடுற எதையும் நான் நம்புறதில்ல" என்றுவிட்டார் இவர். அந்த மென்பொருளுக்கு இவர் வைத்த பெயர் 'நடிகன்'. "நடிகன் எழுந்துட்டானா பாரு" என்பார், தேநீர் வருவதற்கு முன்னாலேயே.

லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். கம்பெனிக்காக மூன்று கட்டடங்கள் அவர் பொறுப்பு. அதில் ஒன்று அவர்கள் குடியிருக்கும் எட்டு மாடிக் கட்டடம். வீடு ஐந்தாவது மாடியில். வயது அறுபத்தொன்று. குள்ளம், அகன்ற தோள், வலது முட்டியில் நிரந்தரமாக ஒரு பட்டை. நகத்தில் ஏறிய கிரீஸைப் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவாமல் லேப்டாப்பைத் தொட மாட்டார். லிஃப்டுக்குள் நுழைந்தால் பொத்தானைத் தொடுவதற்கு முன் உள்ளங்கையைச் சுவரில் வைப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி. யாராவது பொத்தானை இரண்டு தரம் அழுத்திவிட்டால் தொலைந்தார்கள். "ஒரு தரம் சொன்னா அதுக்குப் புரியும். அது ஒண்ணும் உங்க வீட்டு ஆளு இல்ல" என்பார். கட்டடத்தில் பாதிப் பேர் அவருக்குப் பயந்துகொண்டே மேலே போவார்கள், பயந்துகொண்டே கீழே வருவார்கள்.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். கட்டடம் முழுக்க அவளுக்குத் தையலம்மா என்றே பெயர். ஜன்னல் ஓரம் அவள் மெஷின். சுவருக்கு அந்தப் பக்கம், சின்ன அறையில், அவருடைய நடிகன்.

லிஃப்டுகளில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர்ச் சில்லு வைத்த பலகைகள் வந்தபோது, அதைத் தொடக்கூடாது, எஞ்சினியர் வரும்வரை காத்திரு என்றது கம்பெனி. இவருக்குக் காத்திருப்பது என்றால் ஆகாது. அதே சில்லு இருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எங்கோ தேடிப் பிடித்து வாங்கி, அதன் மொழியைக் கற்றுக்கொண்டார். அசெம்பிளி என்று பெயர். 'இந்த எண்ணை எடு, அதோடு ஒப்பிட்டுப் பார், சமமானால் அங்கே போ' என்கிற அளவுக்குத்தான் அதில் பேச முடியும். வளவளப்பே கிடையாது. அவருக்கு அது ஒத்துப்போனதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எஞ்சினியர்கள் வந்து சேர்வதற்குள் லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும். வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள்.

அந்த நாளில் அவர் எழுதிப் பழகிய நிரல் ஒன்று உண்டு. முப்பத்தொரு வரி. திரையில் எட்டு கோடுகள். அவைதான் எட்டு மாடி. ஒரு சின்ன டப்பா; அதுதான் லிஃப்ட். எண்ணை அழுத்தினால் டப்பா கிளம்பிப் போய் அந்த மாடியில் நிற்க வேண்டும். கடைசி மாடியில் கட்டாயம் நிற்க வேண்டும். நிற்கச் சொல்லும் வரி விட்டுப்போனால் டப்பா திரையைத் தாண்டி மேலே போய்க் கண்ட இடத்திலெல்லாம் எழுதிவைக்கும். திரை முழுக்கக் கண்ட கண்ட எழுத்துகள் கொட்டி, கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும். சேமிக்காமல் ஓட்டியிருந்தால் எழுதிய நிரலும் போச்சு, உழைப்பும் போச்சு. அதனால்தான் 'ஓட்றதுக்கு முன்னாடி ஒரு சேவ்.' அசெம்பிளி எழுதுகிறவர்கள் சூடுபட்டுக் கற்றுக்கொள்வது இது. இவருக்கு அது பல் துலக்குகிற மாதிரிப் பழக்கம்.

ஏழு மாதத்துக்கு முன் ஒருநாள் மத்தியானம் அவர் இரண்டாவது கட்டடத்தில் மெஷின் ரூமைத் தேடிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம். இருபது வருஷமாக அது மொட்டை மாடியில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல், "இந்தா, எனக்கு என்னமோ ஆவுது" என்றார். டாக்டர் படமெடுத்துப் பார்த்தார், கேள்வி கேட்டுப் பார்த்தார், மறதி நோயின் ஆரம்பம் என்றார். மெதுவாகவும் போகலாம், வேகமாகவும் போகலாம் என்றார். வேலையை விட்டுவிடுவது நல்லது என்றும், ஆனால் ஒரேயடியாகச் சும்மா உட்கார்ந்துவிடக் கூடாது என்றும் இரண்டையும் சேர்த்துச் சொன்னார். டாக்டர்களுக்கு அந்த வசதி உண்டு.

வீட்டுக்கு வந்த லிஃப்ட்காரர் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். தினமும் காலையில் எழுந்ததும், காலித் திரையிலிருந்து, எதையும் பார்க்காமல், அந்த முப்பத்தொரு வரியை எழுத வேண்டும். அன்றைய தேதியைப் பெயராக வைத்துக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். தினம் ஒரு கோப்பு. மாதம் ஒருமுறை டாக்டரிடம் கணக்குக் காட்ட வேண்டும்.

"மூணு நாள் சேர்ந்தாப்ல டப்பா சரியா நிக்கலன்னு வை, மறுநாளே கம்பெனில போய் சாவியைக் குடுத்துருவேன்" என்றார் மனைவியிடம். "நானே மறந்து தொலைச்சாலும் நீ சொல்லணும். சொல்லுவியா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"எட்டு பேர் ஏறுற பெட்டிம்மா அது. அதை ஒரு மறதிக்காரன் கையில விட முடியாது. சத்தியம் பண்ணு."

தையலம்மா கழுத்தில் தொங்கிய அளவுநாடாவோடு அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். செய்தபோது அதைக் காப்பாற்றும் எண்ணமும் அவளுக்கு இருந்தது.

ஒருநாள் அவர் அழகாக எழுதி முடித்துவிட்டு, அவசரமாக ஒரு போன் வரவே, சேமிக்காமல் ஓடிவிட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் லேப்டாப் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் பொறுமையாக மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார்: நடிகனுக்குள் புதுக் கேசட் போடுவது எப்படி, பெயர் கொடுப்பது எப்படி, பதிவது எப்படி. "கேசட் போடாம சேவ் பண்ணாலும் இவன் பண்ணிட்டேன்னு பல்லைக் காட்டுவான். பழைய ஆளு, அவனுக்குப் பாக்கத் தெரியாது. நாமதான் சரி பாக்கணும்." பழைய கோப்பைத் திருப்பி ஏற்றுவதையும் சேர்த்தே காட்டினார். அவள் அதையெல்லாம் நூல்கண்டு டப்பாவின் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டாள். தையல்காரிக்கு வரிசை தப்பாமல் வேலை செய்ய யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. சில நாள் தடுமாறுவார், தலையைச் சொறிவார், பிறகு "ஆங், மாட்டினான்" என்று மேஜையைத் தட்டுவார். டப்பா எட்டாவது மாடிக்குப் போய்ச் சமர்த்தாக நிற்கும்.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. இருபது வரிக்கு மேல் எழுதிவிட்டு அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தையலம்மா கதவோரம் நின்று பார்த்தாள். அவர் விரல் காற்றில் நிற்கவில்லை, வாய் எதையும் முணுமுணுக்கவில்லை, கீச்சுச் சத்தமும் வரவில்லை. நேரே ஓட்டிவிட்டார். டப்பா ஏறியது. ஏழு, எட்டு, அப்புறம் கூரைக்கு மேல். திரையெல்லாம் குப்பை கொட்டி, உறைந்துபோனது.

"கரண்ட் போச்சா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது. "இந்தா! இன்னைக்கு முடிச்சேனா?"

கையில் கத்தரிக்கோலோடு நின்றிருந்தவள் ஒரு நொடிதான் யோசித்தாள். "முடிச்சிட்டீங்க."

"சேவ் பண்ணேனா?"

"நான் பண்ணிடறேன்."

பண்ணினாள். நடிகனைத் திரும்பக் கிளப்பினாள். புதன்கிழமைக் கேசட்டைப் போட்டு நிரலை ஏற்றினாள். திரையில் வரிகள் விறுவிறுவென்று ஓடி, கடைசி வரியில் வந்து நின்றன. புதுக் கேசட்டைப் போட்டு, வியாழக்கிழமைத் தேதியைப் பெயராகக் கொடுத்துப் பதிந்தாள். சரிபார்க்கவும் செய்தாள். பொய்யைக்கூட அரைகுறையாகச் செய்ய வராது அவளுக்கு.

ஒரு நாள்தானே, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, அதனால்தான் என்று சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அவர் பதினாறு வரியோடு நிறுத்திக்கொண்டார். சனிக்கிழமை காலித் திரையைப் பார்த்தபடி, "என்ன எழுதணும்?" என்று அவளிடமே கேட்டார். மூன்று நாள் ஆகிவிட்டது. சத்தியப்படி அன்றைக்கு அவள் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கவும் செய்தாள். அதற்குள் அவர் குளித்து, சட்டை மாற்றி, விசிலடித்துக்கொண்டு வந்து நின்றார். "இன்னைக்கு மூணாவது பில்டிங்ல கயிறு மாத்துறோம். லேட்டாகும். ஃபைல் ஆச்சா?"

"ஆச்சு" என்றாள்.

அவளை வைவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் அவர் மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் வீட்டில் இருந்தார். அந்த ஆறு வாரமும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தால் 'ம்'. சாப்பிடச் சொன்னால் 'ம்'. லிஃப்ட் ஓடும் சத்தம் கேட்டால் மட்டும் தலை திரும்பும், நின்றால் மறுபடி சுவர். கட்டுப் பிரித்த அன்று வேலைக்குப் போனவர்தான் மறுபடி மனுஷனாகத் திரும்பி வந்தார். இப்போது சாவியைக் கொடுத்துவிட்டால் கட்டுப் பிரிக்கிற நாள் என்று ஒன்று வராது. சுவர் மட்டும்தான். அவளுக்குப் பயமாக இருந்தது. அது சுயநலமான பயம் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

இப்படியே பதினோரு நாள் போயிற்று. ஒருநாள் டப்பா இரண்டு மாடிக்கு நடுவே நின்றது. ஒருநாள் கிளம்பவே இல்லை. ஒரே ஒரு நாள் மட்டும் அவருக்குப் பழைய ஞாபகம் வந்து, தப்பும் தவறுமாக எழுதியதை ஓட்டுவதற்கு முன் சேமித்துவிட்டார். அவர் குளிக்கப் போனதும் அவள் அதன் மேலேயே புதன்கிழமையைப் பதிந்தாள். எல்லா நாளும் குளியலறைக்குள்ளிருந்து அதே கேள்வி வந்தது. எல்லா நாளும் அவள் அதே பதிலைச் சொன்னாள். வெளியே வந்தால் அவர் முகத்தில் ஒரு தெம்பு இருக்கும். அதைப் பார்த்தபிறகு அவளுக்கு அடுத்த நாள் பொய் இன்னும் சுலபமாக வந்தது.

திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கும் நாள். அன்றைக்கு மட்டும் நிரல் எழுத மாட்டார். "பரீட்சைக்கு லீவு" என்பார். அதற்குப் பதில், அந்த மாதத்துக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, டாக்டருக்குக் காட்டும் நோட்டில் ஏதோ எழுதிக்கொள்வார். கம்ப்யூட்டர் சமாசாரம், என்னவோ எண்களை எழுதுகிறார் என்றுதான் தையலம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். கோப்புகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, ஒவ்வொன்றையும் அவளே சரிபார்த்திருக்கிறாள். அதனால் கவலைப்படாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கையால் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கேசட் கீச்சிட்டது. நின்றது. நோட்டில் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறவர்; மற்ற மாதங்களில் அவள் மெஷின் சத்தத்தில் அது காதில் விழுந்ததில்லை. "மழை. ரெண்டாவது பில்டிங் குழியில தண்ணி" என்ற குரல் கேட்டது. பேனா ஓடும் நேரம். மறுபடி கீச்சு. "தூக்கம் இல்ல. மாப்ள போன் பண்ணார்." மறுபடி கீச்சு. "அவளுக்கு இருமல். டாக்டர்கிட்ட போமாட்டேங்கறா."

தையலம்மாவின் கை நின்றது. இதென்ன, எண்கள் இல்லையா?

விஷயம் இதுதான். அசெம்பிளி நிரலில் ஓர் அரைப்புள்ளி வைத்துவிட்டால் அதற்குப் பிறகு வருவதைக் கம்ப்யூட்டர் படிக்காது. எழுதுகிறவன் தனக்காக என்ன வேண்டுமானாலும் குறித்துக்கொள்ளலாம். லிஃப்ட்காரர் தினமும் முதல் வரியில் ஓர் அரைப்புள்ளி வைத்து, அன்றைய பொழுதைப் பற்றி நாலு வார்த்தை எழுதிவந்தார். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினார். அதன் திரையில் ஒரே சமயத்தில் இருபத்துநாலு வரிதான் தெரியும். முப்பத்தொரு வரி நிரலை ஏற்றினால் மேலே இருக்கும் ஏழு வரி திரையைத் தாண்டிப் போய்விடும். அவள் எத்தனை தரம் ஏற்றினாலும் பார்த்தது கடைசி வரிகளை மட்டும்தான். முதல் வரி என்று ஒன்று இருப்பதே இந்தத் திங்கட்கிழமைக் காலைவரை அவளுக்குத் தெரியாது.

கீச்சு. "முட்டி வலி. மத்தபடி எல்லாம் சரி." அது அந்தப் புதன்கிழமையாக இருக்க வேண்டும்.

கீச்சு. "முட்டி வலி. மத்தபடி எல்லாம் சரி."

கீச்சு. "முட்டி வலி." அங்கே குரல் நின்றது. தையலம்மா கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடிப்போய் லேப்டாப்பை மூடிவிடலாமா என்று தோன்றியது. "மத்தபடி எல்லாம் சரி" என்று முடித்தார் அவர். நோட்டில் பேனா ஓடியது.

அதோடு விட்டிருக்கலாம். மனுஷன் விடவில்லை. அடுத்த கேசட்டைப் போட்டார், அதற்கடுத்ததைப் போட்டார். கீச்சிடுவதும், அதே வார்த்தைகளும், பேனாவும். குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. அவர் தானாகச் சேமித்த அந்த ஒரு நாளும் வந்துபோனது. அதிலும் முட்டி வலிதான். அன்றைக்கு அவர் நிஜத்தில் என்ன எழுதியிருந்தார்? தடுமாறும் புத்தியோடு, நாலு வார்த்தை, எதைப் பற்றி? அதன் மேல்தான் அவள் பதிந்துவிட்டாளே. இனி அவருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. தையலம்மா முந்தானையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு அழுதாள். பன்னிரண்டு முறை 'மத்தபடி எல்லாம் சரி' என்று கேட்டு முடித்தாள்.

அவர் வெளியே வந்தபோது நோட்டு கக்கத்தில் இருந்தது. தலை சீவியிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"நல்லா பதிஞ்சிருக்கு" என்றார். "ஒண்ணுல கூட கேசட் மிஸ் ஆவல."

"என்னங்க..."

"நேரமாச்சு. கிளம்பு."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அது தையலம்மா தனக்கே சொல்லிக்கொள்ளாத விஷயம். எட்டு நாளைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் கனமாக ஒரு போல்ட் கிடைத்தது. விரல் தடிமன், பளபளப்பாக, புதிது. கழற்றிய ஒன்றைத் திரும்ப மாட்டாமல் வீட்டுக்கு வருகிற ஆள் இல்லை அவர். எந்தக் கட்டடத்தது, எந்த இடத்தது என்று கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது; கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். அவள் அதைப் பொத்தான் டப்பாவில் போட்டு மூடினாள். சாயங்காலம் மட்டும் மெல்ல, "நம்ம லிஃப்ட் நல்லா ஓடுதாங்க?" என்று கேட்டுப் பார்த்தாள். "நீதான் தினம் போறியே. நீ சொல்லு" என்று சிரித்தார். அன்றிலிருந்து அவள் லிஃப்டில் கால் வைக்கவில்லை. துணிமூட்டையோடு ஐந்து மாடியும் படியில் ஏறினாள், படியில் இறங்கினாள். உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டாள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது பக்கத்தில் லிஃப்ட், ஆட்களோடு, போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அவள் யாரையும் தடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டாக்டரிடம் கிளம்பிய அந்தத் திங்கட்கிழமை, அவர் பக்கத்தில் நிற்கும்போது அவளால் படிப் பக்கம் திரும்ப முடியவில்லை. அவர் பொத்தானை ஒரு தரம் அழுத்தினார். லிஃப்ட் மேலேயிருந்து வந்து நின்று கதவு திறந்தது. உள்ளே ஏழாவது மாடி டீச்சரும் அவருடைய மகளும். குழந்தைக்கு ஐந்து வயது. முதுகில் பை, தரைத்தளத்துப் பொத்தானுக்கு நேராக நீட்டிய விரல். அழுத்தும் உரிமை அவளுடையது என்று லிஃப்ட்காரரே எழுதிக் கொடுக்காத குறை.

"ஏறுங்கண்ணா, பெல் அடிச்சிடுவாங்க" என்றார் டீச்சர். பிறகு தையலம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "அட, அக்காவும் லிஃப்ட்லயா! ஒரு வாரமா மூச்சு வாங்க வாங்கப் படியேறிட்டு இருந்தீங்களே. டயட்டெல்லாம் முடிஞ்சுதா?"

லிஃப்ட்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். நிரலில் விட்டுப்போன வரியைத் தேடும்போது பார்ப்பது போல, நிதானமாக, மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவளுக்கு நின்ற இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

கதவு மூடத் தொடங்கியது. அவர் காலை நீட்டி அதைத் தடுத்தார்.

"டீச்சர், இறங்குங்க."

"ஏன், என்னாச்சு?"

"பதினோரு நாளா இந்த லிஃப்டைப் பாத்துக்கிட்ட ஆளு சரியில்ல."

டீச்சர் சிரித்தார். "நீங்கதானேண்ணா பாத்துக்கறீங்க!"

அவர் சிரிக்காததைக் கண்டு டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது. கைப்பையை அணைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். லிஃப்ட்காரர் கையை உள்ளே விட்டு, சுவரோரச் சின்னப் பெட்டியைத் திறந்து, சுவிட்சைக் கீழே தள்ளினார். லிஃப்டின் விளக்கு அணைந்தது. அரையிருட்டில் குழந்தை மட்டும், இன்னும் அழுத்தப்படாத பொத்தானுக்கு நேராக விரலை நீட்டியபடி நின்றது.

லிஃப்ட்காரர் பட்டை போட்ட முட்டியை மடக்கிக் குனிந்தார். வலி முகத்தில் தெரிந்தது. குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி, லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் தாண்டி வெளியே இறக்கினார். அதன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்து, தையலம்மாவின் கைக்குள் வைத்து, அவள் விரல்களை அதன் மேல் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.